பரணில் கிடந்த பந்தயக் கார்கள்

ரேடியோ அலையால் ஓடும் சிறிய பந்தயக் கார்களில், 1970களின் நடுவிலிருந்து 1980களின் முடிவுக்குள் விற்பனைக்கு வந்தவற்றைத்தான் ஆர்வலர்கள் பெரும்பாலும் ‘விண்டேஜ்’ என்று சொல்கிறார்கள். நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கோ பன்னிரண்டில் ஒரு பங்கோதான் இவற்றின் அளவு. அன்று இவை முழுக் காராகக் கடைக்கு வரவில்லை, பெட்டிக்குள் பாகம் பாகமாக வந்தன. வாங்கியவரே திருப்புளியும் கத்தியுமாக உட்கார்ந்து கியரை அடுக்கி, ஷாக் அப்சார்பருக்கு எண்ணெய் ஊற்றி, மேல்கூட்டுக்கு வண்ணம் அடித்து முடிக்க வேண்டும். கையால் கட்டிய எதையும் கையால் பிரிக்கவும் முடியும். நாற்பது ஆண்டு பரணில் கிடந்த கார் இன்று மறுபடி மண்ணில் ஓடுவதற்கு அடிப்படைக் காரணம் அதுதான்.

கடையில் வாங்கக்கூடிய முதல் ரேடியோ கார் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா ஊரைச் சேர்ந்த எலெட்ரானிகா ஜோகட்டோலி நிறுவனம் செய்த ஃபெராரி 250 எல்எம். பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுள்ள அந்தக் கார் 1966 டிசம்பரில் லண்டனில் விற்பனைக்கு வந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் எட்டில் ஒரு பங்கு அளவிலான எஞ்சின் கார்கள் கோலோச்சின. மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருளில் ஓடும் அவை சத்தமும் புகையுமாக இருந்தன, விலையும் அதிகம். பேட்டரியில் ஓடும் கார்கள் பரவிய பிறகுதான் இந்தப் பொழுதுபோக்கு சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது.

அந்த வாசலைத் திறந்தது ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம். பிளாஸ்டிக் மாதிரிகளுக்குப் பெயர்பெற்றிருந்த அந்த நிறுவனம் 1976இல் போர்ஷே 934 காரை ரேடியோ காராக வெளியிட்டது. அசலை அளவெடுப்பதற்காக அந்நிறுவனத்தின் ஷுன்சாகு டாமியா ஒரு போர்ஷே 911ஐ விலைக்கு வாங்கி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார். திரும்பப் பூட்ட போர்ஷே ஆட்களின் உதவி தேவைப்பட்டது. ரேடியோ போர்ஷே முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. ஆனால் அது வழவழப்பான தளத்தில் மட்டும் ஓடக்கூடிய கார். கல்லும் மண்ணும் உள்ள தரையில் நிஜமாகவே ஓடக்கூடிய காரை டாமியா 1979இல் கொண்டுவந்தது. ஃபுமிட்டோ டாக்கி வடிவமைத்த ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கார்ச்சர் என்ற அந்த இரட்டையர்களுக்கு வார்ப்பு உலோகத்தில் சக்கரம் தாங்கும் கைகள், கண்ணாடி நார்ப் பலகையில் சேஸி. முன்சக்கரங்களைத் தாங்கியது, அசல் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் இருப்பதுபோல முறுக்கிக்கொடுக்கும் கம்பி. ரேடியோ பாகங்கள் தண்ணீர் புகாத கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைபட்டிருந்தன. இன்று எடுத்துப் பார்த்தாலும் ஒரு சின்ன ஜீப்பைத் தூக்குவதுபோன்ற கனம் கையில் தெரியும்.

1984 இந்தத் துறையின் பெரிய ஆண்டு. அந்த ஆண்டு டாமியாவின் கிராஸ்ஹாப்பரும் ஹார்னெட்டும் வந்தன. இரண்டுக்கும் ஒரே பிளாஸ்டிக் தொட்டிச் சேஸி, முன்னதில் சிறிய மோட்டார், பின்னதில் பெரியது. பையன்கள் சேர்த்துவைத்த காசுக்கு எட்டிய கார்கள் இவை. அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்ஸ் நிறுவனம் ரோஜர் கர்ட்டிஸ் வடிவமைத்த ஆர்சி10ஐ வெளியிட்டது. தங்க நிறம் ஏற்றிய அலுமினியத் தொட்டி, நான்கு சக்கரத்துக்கும் தனித்தனித் தொங்கல் (சஸ்பென்ஷன்), நீளமாக இறங்கி ஏறும் எண்ணெய் ஷாக்குகள் என்று பந்தயத்துக்காகவே பிறந்த கார் அது. மறு ஆண்டே கலிஃபோர்னியாவின் டெல் மாரில் நடந்த முதல் உலகப் போட்டியில் இருசக்கர உந்துவிசைப் பிரிவில் ஜே ஹால்சி அதை ஓட்டி வென்றார். 1987இல் இங்கிலாந்தின் ராம்ஸியில் ஜோயல் ஜான்சன் கியோஷோ நிறுவனத்தின் அல்டிமாவால் அந்தப் பட்டத்தைப் பறித்தார். இங்கிலாந்தில் காஸ்வொர்த் நிறுவனத்தில் வேலைபார்த்திருந்த செசில் ஷூமாக்கர், பற்சக்கரங்களுக்குப் பதிலாகச் சின்ன எஃகுக் குண்டுகளால் இயங்கும் டிஃபரன்ஷியலைக் கொண்டுவந்தார். இன்று மீட்டெடுப்பவர்களின் மேசைக்கு வருபவை பெரும்பாலும் இந்தப் பத்தாண்டின் கார்கள்தான்.

மேசைக்கு வந்த காரில் முதலில் செய்யவேண்டியது எதையும் கழற்றாமல் இருப்பது. எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்துக்கொண்டு, எது தொழிற்சாலையில் வந்தது, எதைப் பழைய உரிமையாளர் மாற்றினார் என்று பார்க்க வேண்டும். ஆர்சி10 என்றால், ஆரம்ப ஆண்டுகளின் ஆறு கியர் பெட்டி இருக்கிறதா, பின்னால் வந்த மூன்று கியர் ‘ஸ்டெல்த்’ பெட்டி இருக்கிறதா என்பதே அந்தக் கார் எந்தக் காலம்வரை பந்தயத்தில் இருந்தது என்று ஓரளவு சொல்லிவிடும். சேஸியில் கூடுதலாகத் துளைத்த ஓட்டைகள், பேட்டரி நகர்ந்த இடம், மேல்கூட்டில் மோட்டாருக்குக் காற்றுப் போக வெட்டிய சன்னல் ஆகியவற்றைச் சேதம் என்று எடுத்த எடுப்பில் எழுதிவிடக் கூடாது. யாரோ ஒருவர் ஒரு பந்தய இரவில் அரை நொடியைக் குறைக்கப் போராடிய தடயம் அது.

பிறகு திருப்புளி. ஜப்பானியக் கார்களின் கூட்டல்குறித் திருகு பார்வைக்கு நம் ஊர் கடைகளில் கிடைக்கும் பிலிப்ஸ் திருகுபோலவே இருக்கும், ஆனால் பள்ளத்தின் அமைப்பு வேறு. பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுதாக இறங்காமல், அழுத்தித் திருப்பும்போது நழுவி மேலேறி, தலையைச் சுரண்டிவிடும். ஜப்பானியத் தர அளவுக்குச் செய்த திருப்புளி பொருத்தமாக உட்காரும், எளிதில் நழுவாது. ஆர்சி10இல் சிக்கல் வேறு: அதன் அறுகோணத் திருகுகள் அங்குல அளவில் உள்ளவை. மில்லிமீட்டர் ஆலன் கீ ஏறத்தாழப் பொருந்தும். அந்த ‘ஏறத்தாழ’தான் திருகுத் தலையை உருட்டிவிடுகிறது. பிளாஸ்டிக்கில் திரும்பப் பூட்டும்போது, திருகைத் துளையில் வைத்து முதலில் எதிர்ப்பக்கமாக மெல்லச் சுற்ற வேண்டும். ஒரு புள்ளியில் ‘டிக்’ என்று விரலுக்குத் தெரிகிற மாதிரி அது கீழே விழும். பழைய மரையின் வாய் அங்கே இருக்கிறது. அங்கிருந்து முறுக்கினால் திருகு தன் பழைய தடத்திலேயே போகும். விழுவதற்கு முன்பே முறுக்கினால் புது மரை வெட்டி, இரண்டு மூன்று முறையில் துளை கடைந்த ஓட்டையாகிவிடும்.

பிளாஸ்டிக் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், உண்மையில் காரில் மூன்று நான்கு வகை உண்டு, ஒவ்வொன்றும் மூப்படைவது ஒரு விதம். தொங்கல் கைகளும் சக்கரங்களும் பெரும்பாலும் நைலான். நைலான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் வளைந்துகொடுக்கும் தன்மையைப் பெறுகிறது. பல்லாண்டு காய்ந்து கிடந்தால் அப்பளம்போல ஒடியும். அவற்றைக் கொதிக்கவைத்த தண்ணீரில் சிறிது நேரம் போட்டு எடுத்தால் ஈரம் உள்ளே போய்ப் பழைய நெகிழ்வு ஓரளவு திரும்பும். துணிச் சாயத்தை அந்த வெந்நீரில் கலந்தால் வெளுத்துப்போன பாகத்துக்கு நிறமும் ஏறும். பீட்டில் மாதிரியான கெட்டி மேல்கூடு ஏபிஎஸ் வகையைச் சேர்ந்தது, வெயிலில் மஞ்சளாகிறது. அசிட்டோன் பட்டால் கரைந்துபோகும் இதை நைலானைக் கழுவுவதுபோலக் கழுவ முடியாது. நைலான் சக்கரத்தில் ஒட்டிப்போன பழைய டயரைப் பிரிக்க அசிட்டோன் நல்ல மருந்து. அதே கிண்ணத்தில் தவறுதலாக ஏபிஎஸ் பாகத்தைப் போட்டவருக்குக் கிடைப்பது கூழ்தான். எந்தப் பாகம் எந்தப் பிளாஸ்டிக் என்று தெரியாதவர் வெறும் சோப்புத் தண்ணீரோடும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷோடும் நிறுத்திக்கொள்வது நல்லது.

உலோகத்துக்குப் பெரிய எதிரி பேட்டரி. அன்றைய கார்கள் ஆறு நிக்கல் காட்மியம் செல்களைக் கோத்த 7.2 வோல்ட் கட்டில் ஓடின. கட்டின் கொள்ளளவு 1200 மில்லி ஆம்பியர் மணி அளவுதான், சில நிமிடப் பந்தயத்திலேயே தீர்ந்துவிடும். வேகமாக ஓட்டுவதோடு கடைசிச் சுற்றுவரை மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதும் அன்றைய ஓட்டுநரின் திறமை. காரிலேயே விட்டுவைத்த கட்டு நாளடைவில் கசிந்து, கம்பிகளில் பச்சைக் களிம்பும் முனைகளில் வெள்ளைப் பூப்பும் பிடிக்கவைக்கும். கசிவது காரப் பொருள் என்பதால் வினிகரில் தோய்த்த பஞ்சு அதை முறிக்கும். காட்மியம் நஞ்சு, கையுறை இல்லாமல் தொடக் கூடாது, அந்தச் செல்லை வீட்டுக் குப்பையில் போடவும் கூடாது. ஆர்சி10இன் தங்க நிறத் தொட்டிக்கு அந்தக் காரமே யமன், அது அலுமினியத்தின் மேல் உள்ள நிறப் படலத்தைத் தின்றுவிடும். பாத்திரம் துலக்கும் கடும் காரத் தூளும் அப்படியே. நிறம் போன சேஸியைப் புதிதாக நிறமேற்றக் கொடுக்கலாம். கொடுத்தால் அடிப்பக்கத்துக் கீறல்களும் சேர்ந்து போய்விடும். கட்டமைப்பு நேராக இருக்கும்வரை அந்தக் கீறல்களை விட்டுவைப்பதே மேல். வளைந்த தொட்டியை மட்டும் இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து வைஸில் மெல்ல அழுத்தி நேராக்க வேண்டும். சுத்தியல் பட்டால் தடம் நிரந்தரம்.

குண்டு டிஃபரன்ஷியலைத் திறப்பது பலருக்குப் பயம் தரும் வேலை, ஆனால் இந்தக் கைவேலையில் மனம் நிறைவது இங்கேதான். இரண்டு எஃகு வளையங்களுக்கு நடுவே ஒரு பற்சக்கரம், அதன் துளைகளில் மிளகைவிடச் சிறிய எஃகுக் குண்டுகள். ஒரு திருகு மொத்தத்தையும் இறுக்கிப் பிடிக்கிறது. வளைவில் உட்சக்கரம் மெதுவாகவும் வெளிச்சக்கரம் வேகமாகவும் சுழல, வித்தியாசத்தைக் குண்டுகள் உருண்டு ஈடுகட்டுகின்றன. பல பந்தயம் ஓடிய வளையத்தை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் குண்டு ஓடிய தடம் வட்டமாகப் பள்ளம் விழுந்திருக்கும். விரலால் சுழற்றினால் நறநறவென்று தட்டும். வளையத்தின் மறுபக்கம் பெரும்பாலும் புத்தம்புதிதாக இருக்கும். திருப்பிப் போட்டு, புதுக் குண்டுகளும் சிறிது சிலிக்கான் கிரீஸும் வைத்துப் பூட்டினால் டிஃபரன்ஷியல் வெண்ணெய்போலச் சுழலும். இறுக்கம் குறைந்தால் வழுக்கி உருகும், மிகுந்தால் வளையம் மறுபடி பள்ளமாகும். சரியான இடத்தைக் கைதான் கண்டுபிடிக்கிறது.

ஷாக் அப்சார்பர்களில் பழைய எண்ணெய் கறுத்துப் பிசின்போல இருக்கும். ரப்பர் வளையங்களை மாற்றி, பிஸ்டன் தண்டில் கீறல் இல்லையென்று நகத்தால் தடவிப் பார்த்து, சிலிக்கான் எண்ணெயை நிரப்பித் தண்டை மெல்ல ஏற்றி இறக்க வேண்டும். குமிழ்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடையும்வரை மூடாமல் காத்திருப்பது அவசியம். ஒரு குமிழ் உள்ளே மாட்டிக்கொண்டாலும் அந்தச் சக்கரம் மட்டும் துள்ளும். டாமியாவின் ஃபிராக் காரில் பார்க்க வேண்டிய இடம் இன்னொன்று: பின்சக்கர உந்துதண்டின் அறுகோண முனைகள். அவை தேய்ந்து உருண்டையாகி, மோட்டார் சுழன்றும் சக்கரம் சுழலாமல் போவது அந்தக் காரின் பிறவிக் குறை. 2005இல் டாமியா அதை மறுபடி வெளியிட்டபோது அந்த அமைப்பையே மாற்றிவிட்டது.

மோட்டார் பெரும்பாலும் மபூச்சி நிறுவனத்தின் 540 வகை அல்லது அதே அளவுள்ள ஒன்று. உள்ளே மூன்று செப்புத் துண்டுகளால் ஆன கம்யூட்டேட்டர், அதை அழுத்தி நிற்கும் இரண்டு கார்பன் பிரஷ். கறுத்துக் கிடக்கும் செம்பைச் சுத்தம் செய்து, துண்டுகளுக்கு இடையே அடைத்த கார்பன் தூளை மரக்குச்சியால் எடுத்துவிட்டால் புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்குபோல மின்னும். பிரித்து மூடக்கூடிய பந்தய மோட்டார்களில், குழிவிழுந்த கம்யூட்டேட்டரைச் சின்னக் கடைசல் எந்திரத்தில் ஒரு மயிரிழை சீவலாம். உள்ளே கம்பிச் சுற்று குறைந்த மோட்டார் வேகமானது, அதே அளவுக்கு மின்சாரத்தையும் குடிக்கும். இந்தக் கணக்கு அன்றைய பந்தய மைதானங்களில் எல்லோருக்கும் மனப்பாடம்.

வேகத்தைக் கட்டுப்படுத்த அன்று மின்னணுச் சுற்று அரிது. சர்வோ என்ற சிறு மோட்டார் அமைப்பு ஒரு கையை நகர்த்தும், அந்தக் கை செப்புத் தகடுகளின்மேல் வழுக்கி ஒவ்வொரு படியாக மின்தடையைக் கூட்டியும் குறைத்தும் மோட்டாருக்கு மின்சாரம் விடும். பாதி வேகத்தில் ஓட்டினால் மிச்ச மின்சாரம் முழுதும் அந்தத் தடைகளில் சூடாக வெளியேறும். தொட்டால் கை சுடும். பக்கத்தில் ஒயர் உராய்ந்தால் உருகும். தகடுகளை மிக நைசான உப்புத்தாளால் துடைத்து, கையின் அழுத்தத்தைச் சரிபார்த்தாலே இவை பெரும்பாலும் வேலைசெய்யும். ஆனால் இவற்றோடு இன்றைய லித்தியம் பாலிமர் பேட்டரியைச் சேர்ப்பது ஆபத்து. மின்னழுத்தம் அளவுக்குக் கீழே இறங்கும்போது நிறுத்தும் ஏற்பாடு இந்தப் பழைய அமைப்பில் இல்லை, அளவுக்கு மீறி வடிந்த லித்தியம் செல் அடுத்த சார்ஜில் தீப்பிடிக்கக்கூடும். அது தரும் வேகத்தைப் பழைய கியர்களும் தாங்குவதில்லை. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கட்டே இவற்றுக்கு ஏற்ற துணை.

ரேடியோவை மட்டும் பழையபடி வைக்க வேண்டும் என்று யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை. 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஆறு தடங்கள். டிரான்ஸ்மிட்டரிலும் ரிசீவரிலும் ஒரே நிறத்துக் கிரிஸ்டலைப் பொருத்த வேண்டும். ஒரே நிறத்தில் இருவர் ஸ்விட்சைப் போட்டால் ஒருவர் கார் சுவரில் மோதும். அதனால் மைதானத்தில் நிறக் கொடியைக் கையில் வாங்கியவர்தான் ரேடியோவை இயக்கலாம். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அந்தத் தொல்லையை ஒழித்துவிட்டது. பழைய டிரான்ஸ்மிட்டரை அலமாரியில் காட்சிக்கு வைத்து, காருக்குள் புது ரிசீவரைப் பொருத்துவது பெரும்பாலோர் வழக்கம். பழைய ஆன்டெனாக் குழாயை மட்டும் வெறுமனே நிறுத்திவைப்பார்கள். அது இல்லாத கார் பார்வைக்கு மூளியாகத்தான் இருக்கிறது.

மேல்கூட்டில் பந்தயக் கார்களுக்கு வழக்கம் பாலிகார்பனேட். கண்ணாடிபோன்ற தாளைச் சூடாக்கி அச்சில் உறிஞ்சி வடிவம் கொடுப்பார்கள், வண்ணத்தை உட்புறத்தில் அடிப்பார்கள். வெளியே எத்தனை கீறல் விழுந்தாலும் நிறம் உரியாது. உள்ளிருந்து அடிப்பதால் வரிசை தலைகீழ்: வெளியே முதலில் தெரியவேண்டிய கோடும் எழுத்தும் முதல் பூச்சு, அடித்தளம் கடைசி. அடர்ந்த நிறம் முன்னால், வெளிர் நிறம் பின்னால், அதற்கும் பின்னால் வெள்ளை. இல்லாவிட்டால் மஞ்சளுக்குள் கறுப்பு நிழலாடும். தாங்குகம்பி நுழையும் ஓட்டைகளைச் சுற்றி விரிசல் விடுவது இவற்றின் வழக்கமான நோய். உட்புறம் வலைத்துணியை வைத்துக் காலணி ஒட்டும் பசையைத் தடவினால் பல ஆண்டு தாங்கும். மிகவும் நொறுங்கியவற்றுக்குச் சிறு பட்டறைகள் அதே வடிவில் புதிய கூடுகளை அச்சிட்டுத் தருகின்றன. ஸ்டிக்கர் ஒட்டும்போது ஒரு துளி சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டால் அது வழுக்கும், இடம் பார்த்து நகர்த்தி, பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்துத் தண்ணீரை வெளியேற்றலாம்.

எவ்வளவு புதுப்பிப்பது என்ற கேள்வியில் ஆர்வலர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். பெட்டியின் மேலுள்ள படத்தில் இருப்பதுபோல, அதே நிறம், அதே ஸ்டிக்கர் என்று கட்டுவோர் ஒரு பக்கம். அந்த ஆண்டின் பந்தயத்தில் அந்தக் கார் எப்படி ஓடியிருக்குமோ அப்படிக் கட்டுவோர் மறுபக்கம். பின்னவர்களுக்குத் தார்ப், எம்ஐபி, சிஆர்பி போன்ற அன்றைய அமெரிக்கச் சிறு தயாரிப்பாளர்களின் பாகங்கள் பொக்கிஷம். பந்தயக் காரைப் பொறுத்தவரை பின்னவர்கள் பக்கம்தான் நியாயம் கூடுதல். கடையிலிருந்து எடுத்தபடியே யாரும் அன்று பந்தயத்துக்குப் போகவில்லை.

மறுவெளியீடுகள் இந்தக் கைவேலையின் போக்கையே மாற்றின. ஹார்னெட் 2004இல் திரும்பி வந்தது, சாண்ட் ஸ்கார்ச்சர் 2010இல். அசோசியேட்டட் 2013இல் ஆர்சி10ஐ மறுபடி தந்தது. கியோஷோ 2014இல் ஸ்கார்ப்பியனையும் 2016இல் ஆப்டிமாவையும் கொண்டுவந்தது. பழைய காருக்கு உடைந்த கை ஒன்று தேவையென்றால், புதுப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தலாம். முதல்முறை கட்டுகிறவர் பழைய காரைக் கெடுக்காமல் புதுப் பெட்டியிலேயே கைப்பழக்கம் பெறலாம். ஆனால் 1984இன் அசல் என்று சொல்லி மறுவெளியீட்டுப் பாகங்களால் கட்டிய காரை விற்பது வாங்குகிறவரை ஏமாற்றுவது. மாற்றிய பாகங்களின் பட்டியலை எழுதிக் காரோடு வைப்பதும், கழற்றிய அசல் பாகங்களை ஒரு பையில் போட்டுச் சேர்த்துக் கொடுப்பதும் இந்தத் துறையில் நேர்மையின் அடையாளம். எங்கும் கிடைக்காத பாகங்களுக்கு முப்பரிமாண அச்சு கைகொடுக்கிறது. நைலானில் அச்சடித்த கியர் உறை நன்றாகவே தாங்கும், அழுத்தம் தாங்கவேண்டிய தொங்கல் கைக்கு மட்டும் அது முழு நம்பிக்கைக்கு உரியதல்ல.

கட்டி முடித்த காரை முதலில் ஒரு பெட்டியின்மேல் ஏற்றி, சக்கரம் தரையைத் தொடாமல் சிறிது நேரம் மெதுவாக ஓடவிட வேண்டும். கியர்கள் நறநறக்கின்றனவா, மோட்டார் சுடுகிறதா, திசைமாற்றும் சர்வோ நடுநிலைக்குத் திரும்புகிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். முதல் ஓட்டம் மண் தரையிலேயே இருக்கட்டும். தார்ச்சாலையின் பிடி பழைய நைலானுக்கு அதிகம், மண் சறுக்கிக் கொடுத்துக் காப்பாற்றும். காய்ந்து வெடித்த அசல் டயரில் ஓட்டக் கூடாது. அதைக் கழற்றி வைத்துவிட்டு, ஓட்டத்துக்கு மறுதயாரிப்பு டயரைப் பூட்ட வேண்டும்.

ஓட்டம் முடிந்ததும் தூசியைக் காற்றால் ஊதி, பேட்டரியைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். அலமாரியில் வைக்கும்போது சேஸிக்கு அடியில் ஒரு கட்டை கொடுத்துச் சக்கரங்களைத் தொங்கவிட்டால் டயர் ஒருபக்கம் தட்டையாகாது, ஷாக் சுருள்களும் ஓய்வாக இருக்கும். நேர் வெயில் படும் சன்னலுக்கு எதிரே எந்தக் காரையும் வைக்கக் கூடாது, ஸ்டிக்கரின் சிவப்பும் சேஸியின் தங்கமும் வெளுப்பது அங்கேதான்.